சீயமங்கலம் கன்னியப்பனும் அவலூர்பேட்டை தாண்டவராயனும்

செஞ்சிக் கோட்டைய எதுக்குக் கட்டினாங்க? எதிரி ஏறக்கூடாதுன்னு கட்டினாங்க. எத்தினியோ படை வந்து, அண்ணாந்து பாத்து, கழுத்து சுளுக்கினு திரும்பிப் போயிருக்குது. அந்த மலையில என்னைத் தினம் ஏறச் சொன்னாரு டாக்டரு.

"ராஜகிரி மலையில பாதி வரைக்கும் போதும். தினம் சாயங்காலம் ஏறி இறங்குங்க. இருபது நாள் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாப்போம். சக்கரை குறையலன்னா அப்புறம் மூணு வேளையும் கேவுரு கூழுதான்."

நான் சிரிச்சேன். பக்கத்துல உக்காந்திருந்த என் பொண்டாட்டி ரஞ்சிதம் சிரிக்கல. அதான் பிரச்சினை.

என் பேரு தனகோட்டி. செஞ்சியில மைக்ல எந்தக் குரல் கேட்டாலும் அது நான்தான். காது குத்து, கடை திறப்பு, காணாமப்போன எருமை, எல்லாத்துக்கும் நான்தான் அறிவிப்பு. எருமைக்காரன் குரல்லயும் பேசுவேன், எருமை குரல்லயும் பேசுவேன். ஒருவாட்டி என் குரலக் கேட்டு எருமையே திரும்பி வந்துடுச்சு. அதை எருமைக்காரன்கிட்ட ஒப்படைக்கறதுக்குள்ள அது என்னை விட்டுப் போவ மாட்டேன்னுடுச்சு.

ரஞ்சிதம் தையல்காரி. ஜாக்கெட்டு, உள்பாவாடை, புள்ளைங்க கவுனு. கல்யாணம் ஆன நாள்லருந்து பதினெட்டு வருசமா மிஷின் மிதிக்கறா. அவ என்னை "யோவ்"னு கூப்ட்டா ஊரு, உலகம் எல்லாம் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். "இன்னாங்க"ன்னு மரியாதையாக் கூப்ட்டா, செருப்பு எங்க இருக்குதுன்னு பாத்து வெச்சுக்குவேன்.

எங்க வீட்ல மொத்தம் மூணு பேரு. நான், ரஞ்சிதம், அவலூர்பேட்டை தாண்டவராயன்.

தாண்டவராயனை நான் பாத்ததே இல்ல. எனக்கு முன்னாடி ரஞ்சிதத்தைப் பொண்ணு பாத்துட்டுப் போனவன். ஆனா எங்க வீட்ல எல்லாமே அவனாலதான் நடக்கும். கூரை ஒழுவுதுன்னு நான் படுத்துனு இருந்தா, "அவலூர்பேட்டையில அவுரு மாடி கட்டிட்டாராம்"னு சொல்லுவா. மறுநாள் நான் ஓடு மாத்துவேன். "அவுரு பீடிய உட்டுட்டாராம்"னுவா. நான் பீடிய உட்டேன். கடைசியா கேள்விப்பட்டப்ப அவனுக்கு ரெண்டு பஸ் ஓடுது. அதுக்கு மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியல.

டாக்டர் வீட்டு வாசல்லயே ஆரம்பிச்சுட்டா.

"அவுரு தினம் நாலு மைல் நடக்கறாராம்."

"நான் மலையே ஏறுவேன்டி. இருபது நாளும் ஏறுவேன்."

ஏறினேன். நாப்பது படி. நாப்பத்தி ஒண்ணாவது படியில ஒரு கொரங்கு உக்காந்துனு இருந்துச்சு. என் கையில இருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்குச்சு. நானும் அதும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கினோம். பொண்டாட்டி சொல்லி ஏறுறவன்னு என் மொகத்துலயே எழுதியிருந்துச்சு போல. அது எனக்கு ரெண்டு கடலையத் திருப்பிக் குடுத்துச்சு. அத்தோட எனக்கும் மலைக்கும் உறவு முடிஞ்சுது.

நேரா திடலுக்கு வந்தேன். அங்க பொருட்காட்சி நடக்குது. எண்பத்தாறாம் வருசம், ஆவணி மாசம். மைக் காண்ட்ராக்ட் நமக்குத்தான். ராட்டினம், மரணக்கிணறு, அப்பளக்கடை எல்லாம் தாண்டிப்போனா, நசுருதீன் பாய் ஸ்டால். பாய்க்கு பஜார்ல சைக்கிள் கடை. மெட்ராஸ்ல ஏதோ பார்க்குல ஓரங்கட்டி வெச்சிருந்த வீடியோ கேம் மிஷின் ஒண்ண லாரியில ஏத்தினு வந்து வெச்சிருந்தாரு.

"பெடல் மிதிச்சு ஆடற மிஷின்ணே. இந்தியாவுலயே ரெண்டோ மூணோதான் இருக்குது."

"ரெண்டா, மூணா?"

"ஒண்ணு இங்க இருக்குதுண்ணே. அது மட்டும் நிச்சயம்."

ஒரு டிவி பொட்டி. அதுக்கு எதுர்ல நாற்காலி மாதிரி சீட்டு. கால நீட்டி மிதிக்கற மாதிரி ரெண்டு பெடலு. திரையில தம்மாத்தூண்டு ஆளு ஒருத்தன் றெக்கை கட்டின சைக்கிள்ல உக்காந்திருப்பான். நாம மிதிச்சா டுய்ங் டுய்ங்னு மேல போவான், நட்சத்திரம் பொறுக்குவான், பாயிண்ட் ஏறும். நம்ம கால் ஓய்ஞ்சா கீழ இறங்குவான். கீழ குளம். குளத்துல முதலை. புளுக்.

மூணு உயிர் குடுப்பாங்க. வீட்ல எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கறதில்ல.

உக்காந்தேன். ஏறுறதாவும் இருக்குது, உக்காந்த மாதிரியும் இருக்குது. இதத்தான்டா டாக்டரு எழுதிக் குடுத்திருக்கணும்னு தோணுச்சு. மூணு உயிரும் முதலைக்குப் போய்ச் சேர்ந்தப்ப அறுநூறு பாயிண்ட். அதுவரைக்கும் ஊர்ல யாரும் ஐநூறத் தாண்டல.

பாய் சிலேட்டும் பல்பமும் எடுத்தாரு. "அண்ணே, இன்னைய சாம்பியன் நீங்கதான். ஆறரைக்கு மைக்ல சொல்லிடுங்க."

அங்கதான் சிக்கல். திடலுக்குப் பின்னாடி தெருதான் எங்க வீடு. குழாய் ஸ்பீக்கர் ஒண்ணு எங்க அடுப்பங்கரையப் பாத்துத்தான் வாயப் பொளந்துனு இருக்குது. அதுல தனகோட்டின்னு சொன்னா அப்பவே ரஞ்சிதம் கரண்டியோட கெளம்பிடுவா.

"பாய், பேரு கன்னியப்பன்னு எழுதுங்க. ஊரு சீயமங்கலம்."

"யாருண்ணே அவுரு?"

"இப்பத்தான் பொறந்தாரு."

மத்த அறிவிப்பெல்லாம் காலையிலயே கேசட்ல பேசி வெச்சுட்டேன். "மூணு மணி முதல் நாலு மணி வரை மகளிர் மட்டும், ஆண்கள் தயவுசெய்து வெளியேறவும்", "குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்", எல்லாம் அதுவா ஓடும். சாம்பியன் பேரு மட்டும்தான் நேர்ல சொல்லணும். அதையும் கேசட்டுன்னு நெனச்சுக்குவா. சாயங்காலம் என் குரல் திடல்ல இருக்கும், என் உடம்பு மலையில இருக்கும். எப்டி என் ஐடியா? பெடல்ல இருந்து எறங்கின கையோட மைக்கப் புடிச்சேன்.

"இன்றைய... ஹா... சாம்பியன்... ஹா... சீயமங்கலம்... ஹா... கன்னியப்பன்."

வீட்டுக்குப் போவும்போது மலை ஏறின மூச்சு மிமிக்ரி பண்ணலாம்னு இருந்தேன். தேவைப்படல.

"யோவ், ஏறினியா?"

"ஏறினேன்."

"எவ்ளோ?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"கீழ்ப் பாதிதான். மேல் பாதிக்கு நேரா எப்டிப் போறது?"

மிஷின நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தா.

"இன்னாங்க."

நான் செருப்பப் பாத்தேன்.

"நாளையிலருந்து வரும்போது மலையில இருந்து சீத்தாப்பழம் ஒண்ணு பறிச்சுனு வாங்க. ஏறினதுக்கு அத்தாட்சி."

"சக்கரைக்காரன் சீத்தாப்பழம் சாப்டலாமா?"

"நீங்க எங்க சாப்டப் போறீங்க? பறிக்கத்தான போறீங்க."

பஸ் ஸ்டாண்டுல கூடை கூடையா மலைச் சீத்தாப்பழம் விக்குது. இதுக்குப் போயி எவனாவது மலை ஏறுவானா? மறுநாள்லருந்து தினம் ஒண்ணு வாங்கினு போனேன். ரஞ்சிதம் அத அமுக்கிப் பாத்து, மோந்து பாத்து, நசுருதீன் பாய் சம்சாரம் ஹுசைன் பீக்குக் குடுத்துடுவா. ஹுசைன் பீ எங்க வீட்டுக்கு ஜாக்கெட் தைக்கக் குடுக்க வர்றவங்க. எத்தினி ஜாக்கெட்டுதான் போடுவாங்களோ, தினம் வந்தாங்க.

ரெண்டாவது நாளு ஸ்டாலுக்குப் போறேன். சிலேட்டுல என் பேரு இல்ல. அதாவது கன்னியப்பன் பேரு இல்ல.

சாம்பியன்: தாண்டவராயன், அவலூர்பேட்டை. தொள்ளாயிரம்.

சிலேட்டத் திரும்பவும் ஒருவாட்டி படிச்சேன்.

"பாய், யாரு இது?"

"மத்தியானம் வந்து ஆடிட்டுப் போனாருண்ணே. மூணு மணிக்கு."

"மூணு மணி பொம்பளைங்க டைமாச்சே."

"பெரிய எடம்ணே. வேணான்னு சொல்ல முடியல."

"ரெண்டு பஸ் வெச்சிருக்கானே, அவனா?"

பாய் சிலேட்டப் பாத்துத் தலைய ஆட்டினாரு. "பஸ்ஸுலதான் வந்தாப்பல இருந்துச்சு."

பாத்தீங்களா. பொம்பளைங்க டைம்ல வந்து ஆடறான். அதான் அவன் புத்தி. நல்லவேளை ரஞ்சிதம் தப்பிச்சா. இத அவகிட்ட சொல்லலாம்னா, நீ எப்டி அங்க போனேன்னு கேப்பா. பதினெட்டு வருசத்துல அவனைப் பத்தி எனக்குக் கெடைச்ச ஒரே கெட்ட சேதி, அதையும் முழுங்க வேண்டியதாப் போச்சு.

வேட்டிய மடிச்சுக் கட்டினு உக்காந்தேன். ஆயிரத்து இருபது. மறுநாளு அவன் ஆயிரத்து நூறு. நான் ஆயிரத்து முந்நூறு. அவன் ஆயிரத்து நானூறு. எப்பவும் என்னைவிடக் கொஞ்சமே கொஞ்சம் மேல. கை நீட்டினா புடிச்சுடலாம்ங்கற மாதிரியே போறான். நான் அவனை முந்தாத நாள்ல என் வாயால, என் மைக்ல, என் குரல்ல, "இன்றைய சாம்பியன் அவலூர்பேட்டை தாண்டவராயன்"னு ஊருக்கே சொல்லணும். சொல்லும்போது பின்னாடி எனக்கு மூச்சு வாங்கும். வயிறு எரியும். வீட்டுக்குப் போனா கேவுரு களி.

ஒருநாள் சாப்டும்போது என்னையறியாம ஒரு உருண்டைய முழுங்கி, "புளுக்"னுட்டேன்.

"இன்னாய்யா சத்தம் அது?"

"மலையில ஒரு குருவி கத்துது. அந்த மிமிக்ரி."

"குருவி புளுக்குனா கத்துது?"

"கோட்டைக் குருவி. அது அப்டித்தான்."

"கீழ காலு எதுக்கு ஆடுது?"

"படி ஏறி ஏறிப் பழக்கமாயிடுச்சு."

அவ குனிஞ்சு மோர ஊத்தினா. மொகம் தெரியல. நான் பேச்ச மாத்தறதா நெனச்சு, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தத கேட்டேன்.

"ஆமா, அந்த அவலூர்பேட்டை ஆளு, எப்டி இருப்பான் பாக்கறதுக்கு?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"நல்லா ஒசரம். காலு ரெண்டும் தேக்குமரம் மாதிரி."

அன்னைக்கு மோர் எறங்கல.

பத்து நாள்ல ஊரே ரெண்டாப் பிரிஞ்சுடுச்சு. ஸ்டாலுக்குப் படுதா போட்டிருந்ததால, ஆடற ரெண்டு பேரையும் யாரும் பாத்ததில்ல. டீக்கடையில கன்னியப்பன் கட்சி, சலூன்ல தாண்டவராயன் கட்சி. சீயமங்கலத்துல இருந்து ஒருத்தன் வந்து, "கன்னியப்பன் எனக்குப் பங்காளி, சின்ன வயசுலயே அவனுக்குக் காலு பலம்"னு என்கிட்டயே சொல்றான். ஆமாங்கன்னு கேட்டுக்கினேன். என் பச்சை பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டேன். அப்பவும் வேட்டி நிக்கல. அதப் பத்தி எனக்குக் கவலை இல்ல. எனக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. பொருட்காட்சி முடியறதுக்குள்ள அவனை ஒருவாட்டி முதலைக்குக் குடுக்கணும். பதினெட்டு வருசத்துல ஒருவாட்டியாவது.

கடைசி நாளு பாய் அறிவிச்சுட்டாரு. நேருக்கு நேர் போட்டி. மிஷினையே மேடையில தூக்கி வெச்சாச்சு. ஜெயிக்கறவங்க ஸ்டால்ல இருக்கற எந்தப் பொருளையும் எடுத்துனு போலாம், மிஷினத் தவிர.

"ரஞ்சிதம், இன்னைக்குக் கடைசி நாளு. மலை உச்சிக்கே போறேன். லேட்டாவும்."

"போய்ட்டு வாங்க."

வாங்கன்னு சொன்னத நான் கவனிச்சிருக்கணும். அவசரத்துல உட்டுட்டேன்.

தலையில முண்டாசு, கண்ணுல கூலிங் கிளாஸு. மேடைக்குப் பின்னாடி படுதா மறைவுல மைக்கோட நின்னேன். ஐடியா இதுதான்: தனகோட்டியா மறைஞ்சு நின்னு கூப்டறது, கன்னியப்பனா வெளிய போயி ஆடறது. திடல்ல எள்ளு போட எடமில்ல.

"அவலூர்பேட்டை தாண்டவராயன் அவர்களே, மேடைக்கு வரவும்."

யாரும் வரல.

"அவலூர்பேட்டை தாண்டவராயன் அவர்களே."

கூட்டம் லேசா வெலகுச்சு. படுதா ஓட்டையில கண்ண வெச்சுப் பாத்தேன். பச்சைச் சேலை. ரஞ்சிதம். பின்னாடியே ஹுசைன் பீ. எனக்கு உசுரு மூணும் ஒரே நேரத்துல முதலைக்குப் போச்சு. என்னைத் தேடித்தான் வர்றா.

ஆனா தொழில் தெரிஞ்சவன் பயப்பட மாட்டான். கேசட்டு சிக்கினா எப்டிப் பேசும்? அத எடுத்து உட்டேன்.

"தாண்டவராயன் மேடைக்கு... க்ரீச்... டவராயன் மேடைக்கு... க்ரீச்... டவராயன் மேடை..."

நான் பண்ணதுலயே இதுதான் நல்ல மிமிக்ரி. சத்தியமா டேப்புதான். அவ மேடை ஏறி, படுதா பக்கத்துல வந்து நின்னு, கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்டா.

"பாய், இந்த டேப்ப மாத்துங்க. மூச்சு வாங்குது."

படுதாவ வெலக்கிட்டா. நானு, முண்டாசு, கூலிங் கிளாஸு, வாயில பாதி க்ரீச்சு.

"இன்னாங்க. மலை உச்சி இதானா?"

"ரஞ்சிதம், அது வந்து... தாண்டவராயன் வரப்போறான். அவனை ஒருவாட்டி ஜெயிச்சுட்டு வந்துடறேன். அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்க."

"அதான் வந்தாச்சே. உக்காருங்க."

"எங்க வந்தான்?"

அவ முந்தானைய இழுத்து இடுப்புல சொருவினா. "மூணு மணி யாரு டைம்னு இருபது நாளா மைக்ல நீதான சொன்னே?"

எனக்கு இன்னும் புரியல. பாய் வானத்தைப் பாத்தாரு. ஹுசைன் பீதான் வாயத் தொறந்தாங்க. "அண்ணே, நீங்க வாங்கியாந்த சீத்தாப்பழம்தான் அண்ணிக்கு டிக்கெட்டு. நல்லா இனிப்புண்ணே, தினமும்."

மொத நாளே கண்டுபுடிச்சுட்டாளாம். காலையில பேசின கேசட்டுக்கு எதுக்கு மூச்சு வாங்கும்னு அடுப்பங்கரையில நின்னு யோசிச்சிருக்கா. ஹுசைன் பீய உட்டு பாயக் கேட்டிருக்கா. மலை ஏறாட்டியும் மிதிக்கறானே, மிதிக்கட்டும்னு உட்டுட்டா. ஆனா கன்னியப்பன் சாம்பியன் ஆயிட்டா மறுநாளு மிதிக்க வர மாட்டான். அதனால மறுநாளு மத்தியானமே தாண்டவராயனைக் கூட்டினு வந்துட்டா.

கூட்டம் கத்துது. வேற வழி? கன்னியப்பன் மொதல்ல ஆடினான். இருபது நாள்ல ஆடாத ஆட்டம். ஆறாயிரத்து நூறு. டீக்கடைக் கட்சி துண்டத் தூக்கிப் போட்டுச்சு.

அப்புறம் அவ உக்காந்தா. வேகமெல்லாம் இல்ல. தீபாவளிக்கு மொதநாள் மிஷின் மிதிப்பாளே, அந்த மாதிரி ஒரே சீரா, கட கட கடன்னு. நடுவுல ஹுசைன் பீகிட்ட, "உன் ஜாக்கெட்டுக்குக் கை நீளம் போதுமா?"ன்னு ஒரு கேள்வி. அந்த தம்மாத்தூண்டு ஆளு மேல போனவன் எறங்கவே இல்ல. குளத்துல முதலை பட்டினி. ஒம்பதாயிரம் வந்தப்ப, "அடுப்புல பால் வெச்சுட்டு வந்திருக்கேன்"னு அவளா எழுந்துட்டா.

பரிசு இன்னா வேணும்னு பாய் கேட்டாரு. ஸ்டால்ல சுவர்க் கடிகாரம் இருந்துச்சு, டேபிள் ஃபேன் இருந்துச்சு. அவ சிலேட்டக் கேட்டு வாங்கினா. பைத்தியக்காரின்னு நெனச்சேன். பைத்தியம் யாருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

வீட்டுக்கு நடந்தோம். கூழுக்குப் பயந்ததவிட எனக்கு வேற ஒண்ணுதான் உறுத்துச்சு.

"ஏன் ரஞ்சிதம், அந்த ஆளு பேர வெச்சு ஆடினியே. நாளைக்கு அவன் காதுக்குப் போனா நம்ம மரியாதை இன்னாவறது?"

"எந்த ஆளு?"

"தாண்டவராயன். உன்னைப் பொண்ணு பாத்தவன்."

"என்னை நீ ஒருத்தன்தான் பொண்ணு பாத்தே."

நான் நின்னுட்டேன்.

"அப்ப மாடி வீடு?"

"இல்ல."

"ரெண்டு பஸ்ஸு?"

"மூணா ஆக்கலாம்னு இருந்தேன். உனக்கு டென்ஷன் ஆவும்னு உட்டுட்டேன்."

"பதினெட்டு வருசமாவா?"

"கல்யாணம் ஆன மொத மாசம் கெணத்து ராட்டினம் உடைஞ்சுது. நாலு நாளு சொன்னேன், நீ எழுந்திரிக்கல. அஞ்சாவது நாளு அவனைச் சொன்னேன். ஒடனே எழுந்து செஞ்சே. அப்புறம் அவனை எப்டி அனுப்பறது?"

மறுநாளு ரத்தம் பாத்தாங்க. சக்கரை நல்லாவே எறங்கியிருந்துச்சு. டாக்டரு என் முதுகத் தட்டி, "பாத்தீங்களா, மலை மாதிரி மருந்து வராது"ன்னாரு.

"ஆமாங்க டாக்டரு"ன்னா ரஞ்சிதம். "இந்த மலையில முதலைகூட இருக்குது."

"மிதிக்கறத மட்டும் நிறுத்திடாதீங்க"ன்னாரு அவுரு. சொல்லிட்டாரு இல்ல, போச்சு. பாய் மிஷின லாரியில ஏத்தினு திண்டிவனம் பக்கம் போய்ட்டாரு. ரஞ்சிதம் எனக்கு நேர்த்தையல் கத்துக் குடுத்துட்டா. தீபாவளி வருதில்ல, உள்பாவாடை ஆர்டரு மலையா குவிஞ்சு கெடக்குது. பகல்ல அவ மிதிக்கறா. சாயங்காலம் அஞ்சுலருந்து ஏழு வரைக்கும் நான் மிதிக்கறேன்.

மொத நாளு நாலு பாவாடை தைச்சேன். நேத்து பதினாலு. செஞ்சியில எந்த ஆம்பளையும் தொடாத உயரம். மைக் இருந்திருந்தா ஊருக்கே சொல்லியிருப்பேன்.

இன்னைக்குக் காலையில எழுந்து பாத்தேன். மிஷினுக்கு மேல செவுத்துல அந்த சிலேட்டு தொங்குது. தாண்டவராயன், அவலூர்பேட்டை: பதினஞ்சு.

அப்டி ஒருத்தன் இல்லவே இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா சாயங்காலம் அஞ்சு மணி ஆவட்டும், இன்னைக்கு அவனை உட மாட்டேன்.